சவப்பெட்டியிலிருந்து முகங்களுக்கு

மலைநாட்டு முகங்கள் – 11

சென்ற பகுதியில் கேமரன் மலைக்குத் தேயிலை ஏறிய கதையைப் பார்த்தோம். 1885இல் வில்லியம் கேமரன் அளந்துவிட்டுப் போன மேட்டுநிலம் நாற்பது ஆண்டுக்கு மேல் காடாகவே கிடந்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்ற வணிகர், இலங்கையில் தேயிலை போட்டுப் பழகிய ஏ.பி. மில்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தோட்டம் வந்தது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பாதையில் தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வந்து லயங்களில் குடியேறின.

இந்தப் பகுதி ஓர் ஓவியரைப் பற்றியது. அவர் தமிழர் அல்லர், தோட்டத்தில் வளர்ந்தவரும் அல்லர். கேமரன் மலை இருக்கும் அதே பகாங் மாநிலத்தில், மலையிலிருந்து வெகு தூரத்தில், கிழக்குக் கடற்கரையில் பிறந்தவர். ஆனாலும் தோட்டத்து மக்களின் முகங்களைத் தேடிப் போகும் இந்தத் தொடரில் அவருக்கு இடம் உண்டு. மலேசிய ஓவியத்திலிருந்து மனித முகத்தை முழுவதுமாக வெளியேற்றிப் பார்த்தவரும் அவர்தான். பிறகு அந்த முகத்தைத் தேடித் திரும்பி வந்தவரும் அவர்தான். அந்தத் திரும்புதலில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

மலை பெரிது, ஆள் சிறிது

முதலில் மலையைப் பாருங்கள். கேமரன் மலைத் தேயிலையைப் பற்றி அச்சான படம் எதை எடுத்தாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மேலே மூடுபனி. அதன் கீழே சரிவு முழுக்க வரிவரியாகப் பச்சை. எங்கோ நடுவில், தலையில் துணி கட்டி முதுகில் கூடை மாட்டிய ஓர் உருவம். அந்த உருவத்தை அகற்றிவிட்டால் படம் வெறும் நிலக்காட்சியாகிவிடும். ஆள் இருப்பதால்தான் அது தேயிலைத் தோட்டம். ஆனால் அந்த ஆளுக்கு முகம் கிடையாது. குனிந்திருப்பார், அல்லது திரும்பியிருப்பார், அல்லது கண் மூக்கு தெரியாத தொலைவில் நிற்பார். இன்று சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கைப்பேசியில் எடுக்கும் படங்களும் இந்த வார்ப்பை விட்டு விலகுவதில்லை.

தோட்ட நிர்வாகத்தின் கணக்கிலும் முகத்துக்கு வேலை இல்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணிக்கை எடுப்பார்கள். கிராணி எனும் எழுத்தர் பெயரேட்டில் பதிவார். பிறகு அன்றைய கொழுந்தின் எடை. ஒரு மனிதர் தோட்டத்தில் விட்டுச்சென்ற தடம் பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒரு பெயர், அதற்கு நேரே சில எண்கள்.

முகம் கேட்கப்பட்ட சமயம் ஒன்று உண்டு. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அட்டையில் புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் இருக்க வேண்டும். அதற்காகவே முதன்முதலாகக் காமிரா முன் நின்றவர்கள் தோட்டங்களில் ஏராளமாக இருந்திருப்பார்கள். கொழுந்து பறித்துக் காய்த்த விரல் மையில் தோய்ந்தது. நேராக நிமிர்ந்த முகம் ஒரு சிறு சதுரத்துக்குள் வந்தது. எந்தக் கலைஞரும் கேட்காத உருவப்படத்தை அரசாங்கம் கேட்டு வாங்கிக்கொண்டது.

வசதியும் ஆசையும் கூடி வந்தபோது குடும்பங்கள் தாமாகவே நகரத்து ஸ்டுடியோவுக்குப் போயின. கல்யாணம், பிள்ளை பிறப்பு, ஊருக்கு அனுப்பப் படம் என்று காரணங்கள் பல. அந்தப் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திரைச்சீலையில் தீட்டிய தூண், அல்லது தோட்டம். பக்கத்தில் சிறிய வட்ட மேசை, அதில் பூச்சாடி. நாற்காலியில் குடும்பத் தலைவர், இரண்டு கையும் முழங்காலில். பக்கத்தில் மனைவி, புடவைக் கரை தெரியும்படி நின்றிருப்பார். பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வழியும். ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். எல்லோர் கண்ணும் நேராக லென்சில் குத்திட்டு நிற்கும்.

இந்த ஸ்டுடியோ படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஓவியர் கடைசியில் வந்து நிற்கப்போகும் இடம் அதுதான்.

குவாந்தானில் பிறந்தவர்

ரெட்ஸா பியதாச 1939இல் பகாங்கின் குவாந்தானில் பிறந்தார். இலங்கையிலிருந்து வந்த சிங்களக் குடும்பம். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியபோது ரெட்ஸா என்ற பெயர் சேர்ந்தது. மலாய்ப் பெரும்பான்மையும் சீனரும் தமிழரும் நிறைந்த நாட்டில், மிகச் சிறிய ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர். எந்தப் பெட்டியிலும் சரியாக அடங்காதவர். இனத்தின் பெயரால் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும் நாட்டில் இந்த நிலை ஒரு மனிதரின் கண்ணைக் கூர்மையாக்கும். அவர் பிற்காலத்தில் செய்த வேலையைப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

1950களின் இறுதியில், மலாயா ஆசிரியர்களுக்காக இங்கிலாந்தில் நடந்த பிரின்ஸ்ஃபோர்ட் லாட்ஜ் பயிற்சிக் கல்லூரியில் படித்தார். 1960களில் மறுபடி லண்டன் போய் ஹார்ன்சி கலைக் கல்லூரியில் பயின்றார். மேற்கில் ஓவியத்தின் அடிப்படையே கேள்விக்குள்ளான காலம் அது. படம் என்றால் எதையாவது காட்டித்தான் ஆகவேண்டுமா? சட்டகம் எதற்கு? தூரிகை எதற்கு? அந்தக் கேள்விகளோடு 1967இல் நாடு திரும்பியவர் மாரா தொழில்நுட்பக் கழகத்தின் கலைத்துறையில் ஆசிரியரானார்.

அப்போது மலேசியாவில் மதிப்புப் பெற்றிருந்த ஓவியங்கள் கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளையும் மீனவப் படகுகளையும் நெல்வயலையும் காட்டின. உணர்ச்சி பொங்கும் தூரிகை வீச்சுக்கும் மதிப்பு இருந்தது. பியதாசவும் சுலைமான் ஈசாவும் இன்னும் சில நண்பர்களும் இரண்டையும் ஒதுக்கினார்கள். 1969இல் புதிய காட்சி என்று பொருள்படும் பெயரோடு அவர்கள் நடத்திய கண்காட்சியில் கட்டம், கோடு, தட்டையான நிறம் ஆகியவையே இருந்தன. கலை அழவும் வேண்டாம், அழகு காட்டவும் வேண்டாம், சிந்தித்தால் போதும் என்பது அவர்கள் கட்சி.

1972இல் பியதாச செய்த ஒரு படைப்புக்கு ‘மாபெரும் மலேசிய நிலக்காட்சி’ என்று பெயர். படத்துக்குள்ளேயே அச்செழுத்துகளைப் பதித்து, நீங்கள் பார்ப்பது இயற்கையை அல்ல, ஓவியர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஒரு வழக்கத்தை என்று பார்ப்பவரிடம் நேராகச் சொன்னார். தேயிலைச் சரிவுப் படங்களைப் பற்றி மேலே பேசியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நிலக்காட்சி என்பது கண் தானாகக் காண்பதில்லை. யாரோ அமைத்துக் கொடுத்தது. அந்த அமைப்பில் யார் பெரிதாகத் தெரியவேண்டும், யார் புள்ளியாக நிற்கவேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது.

கண்ணாடி மேல் நின்ற பெட்டி

1969 மே 13. பொதுத்தேர்தல் முடிந்த சில நாளில் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அரசாங்கக் கணக்குப்படி 196 பேர் இறந்தார்கள். அவசரநிலை வந்தது. நாடாளுமன்றம் 1971 வரை கூடவில்லை.

மறு ஆண்டு பியதாச ஒரு படைப்பைச் செய்தார். பெயர் வெறும் தேதிதான்: ‘மே 13, 1969’. ஆளுயரத்தில் ஒரு சவப்பெட்டி. அதன்மேல் மலேசியக் கொடியின் கோடுகளும் பிறையும் தீட்டப்பட்டிருந்தன. படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தியிருந்தார். அடியில் கண்ணாடி. குனிந்து பார்த்தால் கொடி தலைகீழாகத் தெரியும். கூடவே பார்ப்பவரின் உருவமும் தெரியும். இறந்தவர் யார், கொன்றவர் யார், எந்த இனம் என்று எதையும் அது சொல்லவில்லை. முகமே இல்லை. அந்த மௌனம் அப்போதைய நாட்டின் மௌனம். மே 13ஐப் பற்றி வாய் திறக்கவே மக்கள் பயந்த காலத்தில் ஓர் ஆசிரியர் துணிந்து செய்த வேலை அது. மூலப் படைப்பு நிலைக்கவில்லை. 2006இல் மறுபடி செய்தார். அது இப்போது சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

தோட்டத் தமிழர்களுக்கு மே 13 வேறு வழியிலும் வந்து சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் குடிமக்களுக்கு நீல அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. இங்கேயே பிறந்து, இங்கேயே காடு வெட்டி, இங்கேயே பிள்ளை பெற்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பம் போடத் தெரியாமலும், அலைய முடியாமலும், தேவை புரியாமலும் சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டார்கள். 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கலவரத்துக்குப் பின் முழு வேகத்தில் அமலானது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும். ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்களில் பலர் கண்ணால் பார்த்திராத ‘சொந்த ஊருக்கு’ப் போனார்கள்.

அவர்கள் பெட்டியில் போன பொருள்களில் அந்த ஸ்டுடியோ படங்களும் இருந்தன. இங்கே தங்கிவிட்ட சொந்தங்களின் சுவரில் அவற்றின் பிரதிகள் தொங்கின. பிரிந்த குடும்பத்தை ஒன்றாகக் காட்டும் ஒரே இடம் அந்தச் சட்டகம்தான். கேமரன் மலையிலும் சரி, கீழே கித்தா எனும் ரப்பர்த் தோட்டங்களிலும் சரி, உருவப்படம் ஆடம்பரப் பொருளாக இருந்ததே இல்லை. இன்னார் இங்கே இருந்தார் என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லாதவர்களின் அத்தாட்சி அது.

2.46 மணிக்குப் பறந்த பறவை

பியதாச இன்னும் தூரம் போனார். 1974இல் சுலைமான் ஈசாவும் அவரும் கோலாலம்பூர் டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் எழுத்தாளர் மூலையில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ‘ஒரு மறைஞான மெய்ம்மையை நோக்கி’ என்பது அதன் பெயரின் பொருள். சுவரில் ஓவியம் இல்லை. ஒரு காலிப் பறவைக்கூண்டு இருந்தது. 1974 ஜூன் 10, திங்கள்கிழமை, பிற்பகல் 2.46க்குப் பறவையைத் திறந்துவிட்ட பின் எஞ்சிய கூண்டு என்று அதற்குக் குறிப்பு. பாதி குடித்து வைத்த கோக்கோ கோலா பாட்டில்கள், எரிந்து முடிந்த கொசுவத்திச் சுருள்கள், பெட்டாலிங் ஜெயா முடிதிருத்தும் கடை ஒன்றில் கூட்டி எடுத்த முடி, பலர் உட்கார்ந்து எழுந்துபோன ஒரு நாற்காலி ஆகியவையும் இருந்தன.

வேடிக்கைக்காக வைத்தவை அல்ல அவை. கூடவே ஒரு நீண்ட கொள்கை அறிக்கையையும் வெளியிட்டார்கள். மேற்கத்தியக் கலை பொருளின் உருவத்தைப் பார்க்கிறது. ஆசியச் சிந்தனை, முக்கியமாகத் தாவோவும் ஜென்னும், பொருளை ஒரு நிகழ்வாக, காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றாகப் பார்க்கிறது. ஆசியக் கலைஞன் மேற்கைப் போலி செய்வதை விட்டுவிட்டு அந்தப் பார்வையிலிருந்து தொடங்கவேண்டும். இதுதான் அறிக்கையின் சாரம். கவிஞர் சாலே பென் ஜோனெட் அந்த அறிக்கையின்மேல் சிறுநீர் கழித்துத் தம் எதிர்ப்பைக் காட்டியது மலேசியக் கலை உலகில் இன்றுவரை பேசப்படுகிறது.

அந்த நாற்காலியைச் சற்று உற்றுப் பாருங்கள். பலர் உட்கார்ந்த நாற்காலி. ஆனால் உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை. ஸ்டுடியோ படத்திலும் ஒரு நாற்காலி உண்டு. அதில் முழங்காலில் கை வைத்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பியதாச இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆயின.

நடுவில் ஒரு திருப்பம். 1975 முதல் 1977 வரை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலை. திரும்பி வந்து 1978இல் ‘நுழைவாயில்கள்’ என்று பொருள்படும் ஒரு படைப்பைச் செய்தார். சியா யூ சியான் என்ற மூத்த மலாயா ஓவியர் 1958இல் தீட்டிய ஒரு ஓவியத்தை, அசல் ஓவியத்தையே, எடுத்துத் தம் பலகையில் பதித்தார். கீழே அச்செழுத்தில் ஒரு வாசகம்: கலைப்படைப்புக்குக் காலத்தில் இருப்பு என்று தனியாக ஒன்று இல்லை, நாம் உள்ளே நுழையும் வாயில்கள்தான் உண்டு என்ற கருத்து.

இன்னொருவர் தீட்டிய பழைய படத்தை, இருபது ஆண்டு கழித்து, மறுபடி பார்க்க வைப்பது. இங்கேதான் அவர் மனம் திரும்பத் தொடங்கியது என்பது என் கணிப்பு. அந்த ஆண்டுகளில் அவர் மலேசிய ஓவிய வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். கலை வரலாற்றாசிரியர் டி.கே. சபாபதியோடு சேர்ந்து ‘மலேசியாவின் நவீன ஓவியர்கள்’ என்ற ஆங்கில நூலை 1983இல் வெளியிட்டார். வரலாறு எழுதுபவனால் காலிக் கூண்டோடு நின்றுவிட முடியாது. யார் திறந்துவிட்டார், யார் அடைத்து வைத்தார் என்று கேட்டே ஆகவேண்டும். கேட்டால் முகங்கள் வரும்.

திரும்பி வந்த முகங்கள்

1980களின் தொடக்கத்தில் ‘மலேசியத் தொடர்’ வந்தது. இருபது ஆண்டுக்குமேல் அதைத் தொடர்ந்தார். பழைய ஸ்டுடியோ படங்களை எடுத்துக்கொண்டார். மலாய்ப் பெண்கள், பாபா நோன்யா குடும்பங்கள், சீனர், இந்தியர் என எல்லோரும் அதில் வந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் படியெடுப்பார். சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சிடுவார். மேலே அக்ரிலிக் வண்ணம். உடுப்பின் இடத்தில் அல்லது பின்னணியில் பூவேலைத் தாளையும் பாத்திக் கோலங்களையும் ஒட்டுவார். ஒரே படத்தை வேறுவேறு நிறத்தில் மறுபடி மறுபடி செய்வார்.

இரண்டு மலாய்ப் பெண்கள் இருக்கும் படம் இந்தத் தொடரில் பேர்பெற்றது. ஸ்டுடியோவுக்கு வந்து நின்ற அதே நிமிர்வு. சிரிப்பில்லை. பழைய கறுப்பு வெள்ளை முகங்கள், சுற்றிலும் இன்றைய கடை வண்ணங்கள். இப்படிப்பட்ட படத்தின் முன் நின்றால் முகத்தைத்தான் முதலில் பார்ப்போம். பிறகு சாரோங்கின் பூவேலை கண்ணை இழுக்கும். அது தீட்டியதா, அச்சிட்டதா, ஒட்டியதா என்று கண் தேடும். தேடிக் களைத்து மறுபடி முகத்துக்கு வரும். அந்த முகம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். கம்பத்து வாழ்க்கையை அழகாக்கிக் காட்டும் பழைய ஓவியங்களில் பெண்கள் வேறெங்கோ பார்ப்பார்கள். இங்கே நேருக்கு நேர்.

நண்பர்கள் சிலருக்கு இது பின்வாங்கலாகப் பட்டது. கலையின் எல்லையை உடைத்தவர் கடைசியில் பாட்டி படத்துக்கு வண்ணம் பூசுகிறாரே என்ற முனகல் எழாமல் இல்லை. ஆனால் அவர் எதையும் கைவிடவில்லை. படம் என்பது செய்யப்பட்ட பொருள் என்று 1972இல் சொன்னார். இங்கே ஒட்டுத்தாளின் விளிம்பு அதையே சொல்கிறது. பொருள் காலத்தில் ஓடுகிறது என்று 1974இல் சொன்னார். காமிரா ஒரு நொடியில் பிடித்த முகம் அரைநூற்றாண்டு கடந்து புது வண்ணத்தில் எழுவது அதைவிடத் தெளிவான சாட்சி. இன்னொருவர் படத்துக்குள் நுழைய வாயில் உண்டு என்று 1978இல் சொன்னார். பெயர் தெரியாத ஸ்டுடியோக்காரர் எடுத்த படத்துக்குள் இப்போது நுழைந்தார்.

அரசியலும் உண்டு. கலவரத்துக்குப் பின், 1971 ஆகஸ்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. தேசியப் பண்பாட்டின் அடித்தளம் மண்ணின் மைந்தர்களின் பண்பாடு, இஸ்லாம் அதன் முக்கியக் கூறு, பிற பண்பாடுகளில் பொருத்தமானவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கொள்கை உருவானது. ஓவியர்கள் பலர் அந்தத் திசையில் போனார்கள். பியதாசவின் தோழர் சுலைமான் ஈசா இஸ்லாமிய வடிவங்களில் ஆழமாக இறங்கினார். பியதாச கொள்கைக்குப் பதில் கொள்கை எழுதவில்லை. ஒரே சுவரில் மலாய்க் குடும்பத்தையும் சீனக் குடும்பத்தையும் இந்தியக் குடும்பத்தையும் ஒரே முறையில், ஒரே மரியாதையோடு மாட்டினார். எல்லோரும் ஒரே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தி, மூச்சை அடக்கி, வருங்காலத்தைப் பார்த்து நின்றவர்கள். அதற்கு ‘மலேசியத் தொடர்’ என்று பெயர் வைத்ததுதான் வாதம். 1970இல் கொடியைச் சவப்பெட்டியில் தீட்டியவர் அந்தக் கொடியின்கீழ் வரவேண்டியவர்களை ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார்.

மாலெவிச் போன வழி

முகத்தை விட்டுப்போய் முகத்துக்குத் திரும்பியவர் பியதாச மட்டும் இல்லை. இந்தப் பாதையில் மிகக் கடுமையாக நடந்தவர் ஓவியர் கசிமிர் மாலெவிச். வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரத்தைத் தீட்டி, 1915 டிசம்பரில் பெத்ரோகிராடில் நடந்த கண்காட்சியில் அதை ரஷ்ய வீடுகளில் சாமி படம் மாட்டும் மூலையில் மாட்டினார். 1918இல் வெள்ளைமேல் வெள்ளை. அதற்கப்பால் ஓவியத்துக்குப் போக இடமில்லை என்று உலகம் நினைத்தது.

1920களின் இறுதியில் அவர் விவசாயிகளைத் தீட்டத் தொடங்கினார். வரிவரியான வயல்களுக்கு முன் நிமிர்ந்து நிற்கும் உருவங்கள். பலவற்றில் முகம் வெறும் முட்டை வடிவம், கண் இல்லை, வாய் இல்லை. கூட்டுப்பண்ணைத் திட்டம் ரஷ்யக் கிராமங்களைப் பிய்த்தெறிந்த ஆண்டுகள் அவை. 1930இல் மாலெவிச்சே கைதாகிச் சிறையிருந்து வந்தார். பிறகு 1933ஐ ஒட்டி முழு முகங்கள்: மனைவி, நண்பர் நிக்கொலாய் பூனின், தம் சொந்த உருவம். தன்னுருவப் படத்தில் மறுமலர்ச்சிக் கால உடை தரித்து, விரித்த கையோடு நிற்கிறார். மூலையில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சின்னஞ்சிறு கறுப்புச் சதுரம். 1935இல் இறந்தபோது அவருடைய சவப்பெட்டியிலும் அந்தச் சதுரம் இருந்தது.

அரசின் நெருக்குதல் அவரைத் திருப்பியது என்று ஒரு சாரார் சொல்வார்கள். நெருக்குதல் இருந்தது உண்மை. ஆனால் பயந்து திரும்புபவர் சதுரத்தைக் கையெழுத்தாகப் போடமாட்டார். அவர் எடுத்துப்போனதைக் கையோடு கொண்டுவந்தார். பியதாசவின் கதையும் இதே வகைதான்.

நம் சென்னைப் பள்ளி எதிர்த்திசையில் போனது. கோயம்புத்தூரில் பிறந்து சென்னைக் கலைப்பள்ளியை வழிநடத்திய கே.சி.எஸ். பணிக்கர் நல்ல உருவ ஓவியராக இருந்து, 1963க்குப் பின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்குப் போனவர். முகங்கள் போய் ஜாதகக் கட்டம் போன்ற குறிகள் வந்தன. ஒரு ஓவியர் முகத்தை விடுவதும் எடுப்பதும் திறமைக் குறைவாலோ மிகுதியாலோ நடப்பதில்லை. அந்த நேரத்தில் அவருடைய ஊருக்கு எது இல்லாமல் போயிற்று என்பதைப் பொறுத்தது. மதராசுக்கு அப்போது தன் சொந்த எழுத்து தேவைப்பட்டது. கோலாலம்பூருக்கு முகங்கள் தேவைப்பட்டன.

பெயர் எங்கே?

பியதாசவுக்கு 1998இல் நெதர்லாந்தின் இளவரசர் கிளவுஸ் விருது கிடைத்தது. 2001இல் தேசிய ஓவியக் கூடம் அவர் வாழ்நாள் படைப்புகளை ஒன்றாகக் காட்டியது. அதற்கான நூலை எழுதியவர் சபாபதி. 2007இல் பியதாச காலமானார்.

அவர் செய்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அந்த மதிப்போடுதான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு மலாய்ப் பெண்களின் படத்துக்குத் தலைப்பும் ‘இரண்டு மலாய்ப் பெண்கள்’தான். முகம் வந்துவிட்டது, பெயர் வரவில்லை. இனத்தின் பெயர்தான் மறுபடி வந்தது. குறை அவருடையது என்று சொல்லிவிட முடியாது. பழைய படங்கள் கைமாறிக் கைமாறி வரும்போது பெயர்கள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. ஓவியர் முகத்தை மீட்கலாம். பெயரை மீட்க வீட்டு மனிதர்களால்தான் முடியும்.

கேமரன் மலைக்கு இது இன்று மிக அவசரமான செய்தி. தேயிலை வரிசைகளுக்கு நடுவே இப்போது இருவர் சேர்ந்து பிடிக்கும் வெட்டும் எந்திரம் ஓடுகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். ரஸ்ஸல் காலத்தில் வந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் காய்கறித் தோட்டம், கடை, லாரி, அரசாங்க வேலை என்று பிரிந்திருக்கிறார்கள். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டவர்கள் அதைவிட அதிகம். வீடு மாறும்போது முதலில் காணாமல் போவது அலமாரி அடியில் கிடக்கும் பழைய படப்பெட்டிதான். அதிலிருக்கும் முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

ஆகவே இந்த வாரம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் படங்களை எடுத்து, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யார் இது, யாருடைய மகள், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கங்காணி யார், எந்த ஆண்டு, எந்த ஊர் ஸ்டுடியோ? படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். கைப்பேசியில் படமெடுக்கும்போது முன்புறத்தோடு பின்புறத்தையும் எடுங்கள். கிராணி பெயரேட்டில் தப்பாக எழுதிய பெயரையும், வீட்டில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் இரண்டுமே அவர் வாழ்ந்த பெயர்கள். நாளை ஒரு பேத்தி ஓவியராகலாம், அல்லது வரலாறு எழுதலாம். அப்போது அவள் தன் படத்துக்கு ‘இரண்டு தமிழ்ப் பெண்கள்’ என்று தலைப்பு வைக்கவேண்டிய நிலை வரக்கூடாது.

அடுத்த பகுதியில் இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்து, பணிக்கர் வழிநடத்திய சென்னைக் கலைப்பள்ளிக்கே திரும்பிப் போய்ப் படித்த சையது தாஜுதீனைப் பார்ப்போம். இராமாயணத்துச் சீதையும் அனுமனும் கோலாலம்பூர்த் தேசிய ஓவியக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது அவர் தூரிகை வழியாகத்தான்.

(தொடரும்)